ஊழலுக்கும் ஆள்கடத்தலுக்கும் தனிப் பிரிவு அமைத்தால் நிலைமை மாறுமா?

கேள்வி: ஊழல், ஆள்கடத்தல் வழக்குகளை நடத்துவதற்கென்றே அரசு தனிப் பிரிவுகளை உருவாக்கினால் பயன் இருக்குமா?

கைதுகள் கூடும். தண்டனை கூடுமா என்பது, கோர்ட்டில் அரசு தரப்பில் எழுந்து நிற்கிற வக்கீல் யார், அவரை நியமிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் அல்சூர்வாசி, பெங்களூர் கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். அதனால் இந்த ஊர்க் கதையை வைத்தே சொல்கிறேன்.

அரசு ஊழியர்கள் மேல் வரும் ஊழல் புகார்களை விசாரிக்கிற கர்நாடக லோகாயுக்தா 1984-ம் வருடச் சட்டத்தில் பிறந்தது. அதற்கென்று தனி போலீஸும் உண்டு. சந்தோஷ் ஹெக்டே லோகாயுக்தாவாக இருந்தபோது 2011 ஜூலையில் சட்டவிரோதச் சுரங்கம் பற்றிய அறிக்கை வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் எடியூரப்பா முதல்வர் பதவியை விட்டார். 2015-ல் அதே அலுவலகத்தில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று புகார் கிளம்பி, அப்போதைய லோகாயுக்தாவின் மகன் கைதாகி, கடைசியில் அவரும் பதவி விலகினார். அதைச் சாக்காக வைத்து (சாக்கு என்றுதான் நான் சொல்வேன்) 2016 மார்ச்சில் மாநில அரசு ஏ.சி.பி. (ஊழல் தடுப்புப் பிரிவு) என்ற புதுப் பிரிவைத் தொடங்கி, விசாரணை அதிகாரத்தை லோகாயுக்தா போலீஸிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தது. புதுப் பிரிவு முதல்வரின் கீழுள்ள துறைக்குக் கட்டுப்பட்டது. ஆளுகிறவர்களை விசாரிக்க ஆளுகிறவர்களே ஆள் வைத்துக்கொண்டார்கள். 2022 ஆகஸ்ட் 11 அன்று உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. கோப்புகளெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. ஆறு வருடத்துக்கு மேல் இப்படிக் கழிந்ததில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. 1996-ல் தொடங்கியது. சென்னையில் அதற்குத் தனி நீதிமன்றமே இருந்தது. 2001-ல் ஆட்சி மாறிய பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைக் குறுக்கு விசாரணைக்கு மறுபடி அழைத்தார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி கேட்கவில்லை. க. அன்பழகன் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் தீர்ப்பில் எழுதிவிட்டு, 2003 நவம்பரில் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அரசு தரப்பில் பி.வி. ஆச்சார்யாவும், அவர் விலகிய பின் பவானி சிங்கும் நடத்தினார்கள். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் சிறை இருக்கிற பரப்பன அக்ரஹாராவில் நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். அன்றைக்கு ஓசூர் ரோடு பக்கமே போகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீட்டில்தான் வேடிக்கை. அங்கே பவானி சிங்கை அரசு வக்கீலாக நியமித்தது தமிழ்நாடு அரசு, அதாவது முதல் எதிரியான (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) ஜெயலலிதாவின் கட்சி ஆண்ட அரசு. அந்த நியமனம் செல்லாது, உரிமை கர்நாடகத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 27-ல் சொன்னது. அதற்குள் வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. எழுத்துமூலம் வாதத்தைத் தாக்கல் செய்யக் கர்நாடகத்துக்குக் கிடைத்தது ஒரே நாள். மே 11-ல் எல்லோரும் விடுதலை. கடன் கூடினால் கணக்கில் வராத சொத்து குறையும்; தீர்ப்பில் கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று இருந்தது. அதிலிருந்த பட்டியலைக் கூட்டினாலோ 10.67 கோடிதான் வந்தது. இதைச் சுட்டிக்காட்டியவர் திரும்ப அழைக்கப்பட்டிருந்த அதே ஆச்சார்யா. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை உறுதி செய்தபோது வழக்குக்கு 21 வயது, முதல் எதிரி உயிரோடு இல்லை.

லஞ்சம் வாங்கும்போது ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிப்பது ஒப்பிட்டால் சுலபம். அதன் பிறகு வழக்குத் தொடர அரசின் அனுமதி வர வேண்டும், புகார் கொடுத்தவர் பல்டி அடிக்காமல் இருக்க வேண்டும்.

ஆள்கடத்தலில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே சாட்சியே ஊரில் இருக்கமாட்டார். நகரத்துக்கு வெளியே ஒரு செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களோடு பேச ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பணம் வாங்கியது, கணக்குக் கேட்டால் அடி, வெளியே போக விடாதது எல்லாவற்றையும் ஒரு அம்மா கோவையாகச் சொன்னார். கடைசியில் அவர் கேட்டார்: "கேஸுக்கு வரச்சொன்னா பஸ் காசு யாரு சார் குடுப்பாங்க?" தாலுகா ஆபீஸில் அதற்குப் பதில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. சம்மன் போகிற நேரத்தில் அந்தக் குடும்பம் வேறொரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வேறொரு சூளையில் இருக்கும். இதில் கொடுமை, 2016-ம் வருட மத்திய அரசுத் திட்டம் கொத்தடிமை மறுவாழ்வுத் தொகையை எதிரிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருந்தது. வழக்கு இழுத்தால் அந்த அம்மாவின் பணமும் இழுக்கும்.

பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு என்.ஐ.ஏ.வும் (தேசியப் புலனாய்வு முகமை) ஆள்கடத்தலை விசாரிக்கலாம். மாவட்டந்தோறும் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு வைக்க பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 2020-ல் 100 கோடி ஒதுக்கினார்கள். ஆனால் பல பிரிவுகள் மீட்டதும் கோப்பை உள்ளூர் ஸ்டேஷனிடம் தள்ளிவிடுகின்றன. எழுதிய இன்ஸ்பெக்டர் ஒரு வருடத்தில் மாற்றலாகிவிடுவார்.

ஒழுங்காக நடந்ததும் உண்டு. கடத்திக்கொண்டுவரப்பட்ட வங்கதேசப் பெண்ணைப் பெங்களூரில் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்து வீடியோ எடுத்த வழக்கு 2021 மே மாதம் வெளியே வந்தது. அடுத்த மே மாதமே ஏழு பேருக்கு ஆயுள் தண்டனை. நாடே பார்த்த வழக்கு, அந்த வேகம் வந்தது. யாரும் பார்க்காத சூளை வழக்குக்கும் அதே வேகம் வேண்டும் என்றால், பிரிவுக்குள்ளேயே அதன் சொந்த வக்கீல்கள் இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து வருடம் அவர்களை ஆட்சி மாறினாலும் மாற்றக்கூடாது, சாட்சி தன் ஊர்க் கோர்ட்டிலிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல முடிய வேண்டும். கடத்தப்பட்ட குழந்தைகளுக்கு இந்த வசதியை உச்ச நீதிமன்றம் 2022-லேயே சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கும் நீட்டுவதில் எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

கருத்துப் பகுதியில் கேட்கப்போகிறவர்களுக்காக ஒன்று: கர்நாடகத்தில் யாராவது உங்களிடம் லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லோகாயுக்தா போலீஸிடம் போங்கள். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் கொடுத்த நீங்களும் வழக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.