பழைய மண்டிக் கிடங்கின் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

கேள்வி: சென்னை கொத்தவால்சாவடி அருகே தாத்தா காலத்துக் கிடங்கு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு ஈரம் இடுப்பைத் தாண்டி மேலே ஏறும்; உள்ளே தங்கும் உப்பு செங்கலையே பொடியாக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் கிடங்கு இருக்கும் ஜார்ஜ் டவுன் பகுதியில் சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டுப் பல கிடங்குகளின் தரை பள்ளமாகிவிட்டது. மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா, கழிவுநீர்க் குழாய் கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் பணம் வீண்.

பிறகு, உப்புக் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்துச் சில மாதங்கள் காயவிடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். நன்கு நீற்றிய சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் கலந்து மெல்லிய படைகளாகப் பூசுங்கள். புதுப் பூச்சிலும் கொஞ்சம் உப்பு பூக்கும். பயப்பட வேண்டாம். செங்கலைக் காக்க அந்தப் பூச்சு தன்னைக் கொடுக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதை மட்டும் மாற்றினால் போதும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள், வெள்ளையடியுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காலக் கிடங்கு என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான்: தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு இடித்து, அதன் மேல் தட்டை ஓடுகளைப் பதித்திருப்பார்கள். எவ்வளவு நேர்த்தியான வேலை! சட்டம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அங்கே உளுத்திருக்கிறது. முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டிப் புதுத் தேக்கு இணைக்கலாம். கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒழுகலை நிறுத்த மேலே கான்கிரீட் போட மட்டும் சம்மதிக்காதீர்கள், சட்டங்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது.

வேலை தொடங்கும் முன், கட்டடம் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் முன்அனுமதி தேவைப்படும்.