முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்: பாதுகாப்பில்லாத பராமரிப்பைப் பார்த்தால் என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம்: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் முதல் வேலை. இரவில் முப்பது பேருக்கு ஒரே நர்ஸ், இரண்டு ஆயாக்கள். ஒரே இன்சுலின் பேனாவைப் பல பேருக்குப் போடுகிறார்கள், படுத்தபடியே ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) கஞ்சி ஊற்றுகிறார்கள், பி.பி. பார்க்காமலே சார்ட்டில் எழுதுகிறார்கள். கேட்டால் "இங்கே இப்படித்தான் சிஸ்டர், போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். வேலையை விடுவதா, புகார் கொடுப்பதா?

நானும் இப்படி ஓர் இல்லத்தில்தான் ஆரம்பித்தேன், இப்போது முதியோர் வார்டில் இன்சார்ஜாக இருக்கிறேன். விடுவதா, புகாரா என்பதை இந்த வாரமே முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொன்னவற்றில் எது இன்று இரவே ஓர் உயிரை எடுத்துவிடும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் யார் சொன்னாலும் உங்கள் கையால் செய்யாதீர்கள். மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

முதலில் இன்சுலின். ஊசியை மாற்றிவிட்டால் பேனாவைப் பகிரலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் மருந்து இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பிப் போகக்கூடும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் அடுத்தவருக்குப் போகலாம். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் கருவிக்கும் இதே விதிதான். பேனா போதவில்லை என்றால் இன்சுலின் பாட்டிலும் சிரிஞ்சும் வாங்கித் தரச் சொல்லுங்கள், செலவும் குறைவு. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான பாட்டில்கள் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட் வகை. பேனா அடைத்துக்கொண்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால், 10 யூனிட் போக வேண்டிய இடத்தில் 25 யூனிட் போய்விடும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அந்தப் பெரியவர் எழுந்து சொல்ல மாட்டார்.

அடுத்து ரைல்ஸ் டியூப். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தாமல் ஊற்றாதீர்கள், ஊற்றி முடித்தபிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். கட்டிலை உயர்த்தும் கைப்பிடி உடைந்திருந்தால் முதுகுக்குப் பின்னால் தலையணையும் மடித்த கம்பளியும் வைத்துச் சாயுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கருகே டியூபில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றடித்து ஸ்டெத்தில் கேட்பதை மட்டும் நம்ப வேண்டாம், நுரையீரலில் இருக்கும் டியூபும் அதே சத்தத்தைத் தரும். உறிஞ்சி எடுத்த திரவம் அமிலத்தன்மை பார்க்கும் பி.எச். தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே எடுக்கும்வரை எதையும் ஊற்றாதீர்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்றால் அங்கே அது இல்லாமல் இருக்காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரியாது. அதனால் கண்ணை விடக் கையை நம்புங்கள்: பக்கத்துத் தோலை விடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக அல்லது சொதசொதவென்று இருக்கிறதா? எங்கள் இல்லத்தில் ஓர் ஆயா அக்கா டயப்பர் மாற்றும்போதெல்லாம் புறங்கையை வால் எலும்பின் மேல் வைத்துப் பார்ப்பார். "சிஸ்டர், ஏழாம் நம்பர் பாட்டிக்கு இங்கே சுடுது" என்பார். என் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது, ஆனால் அவர் சொன்ன இடத்தில்தான் பிறகு தோல் நிறம் மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்கவைக்க உங்களால் முடியாது. டயப்பர் மாற்றும் சுற்றோடு சேர்த்துத் திருப்புங்கள், இழுக்காமல் விரிப்போடு தூக்குங்கள், கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். இவ்வளவையும் ஆயாக்கள் துணை இல்லாமல் செய்ய முடியாது. அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசினால் உங்களோடு யாரும் நிற்க மாட்டார்கள்.

சார்ட் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். பார்க்காத பி.பி.யை எழுதாதீர்கள். வரிசையாக 120/80 என்று இருப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்கிறார். நிஜத்தில் 90-க்கு இறங்கியிருக்கும் தாத்தா அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். முப்பது பேருக்கும் பார்க்க முடியவில்லையா? சரி, பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், அன்று விழுந்தவர்கள், இவர்களுக்கு மட்டும் பாருங்கள். மற்றவர்களுக்கு "எடுக்கவில்லை, பணியில் ஒரே நர்ஸ்" என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்திருப்பது உங்கள் பெயர், மேனேஜரின் பெயர் இல்லை.

இன்னொன்று, இரவில் கத்தும் மறதி நோயாளிகளுக்குத் தூங்கவைக்க மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். டாக்டர் எழுதாமல் கொடுக்காதீர்கள். மனநோய்க்கான மாத்திரைகளை டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்தது. கத்துபவருக்குச் சிறுநீர் அடைத்திருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், எங்கோ வலிக்கலாம். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

மேலிடத்தில் சொல்லும்போது பொதுவாக "இங்கே எதுவும் சரியில்லை" என்று போகாதீர்கள். எந்தக் கட்டில், எந்த நேரம், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று எழுதி முதலில் இன்சார்ஜிடம், அப்புறம் இல்லத்துக்கு வந்து பார்க்கும் டாக்டரிடம், அப்புறம் நிர்வாகத்திடம் கொடுங்கள். மின்னஞ்சல் நல்லது, தேதி தானாகவே பதிவாகும். நோயாளியின் புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அவரது மானமும் போகும், உங்கள் மீதே வழக்கும் வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் வெளியே சொல்லத்தான் வேண்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் யாரும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுதுங்கள். இல்லம் மருத்துவமனையாகப் பதிவாகியிருந்தால், 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், வேலை போகலாம். 2014-ல் நிறைவேறிய புகார் சொல்வோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, தனியார் இல்லத்து நர்ஸை அது காப்பாற்றாது. அதனால் புகாருக்கு முன் வேறு வேலை தேடி வைத்துக்கொள்வதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுத்திருந்தால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ், கூப்பிட்டால் வரும் டாக்டர் யார், அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் சேராதீர்கள்.