மாதா ஹரி, கார்போ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

முதல் உலகப் போரின்போது உளவாளி என்று பிரான்ஸ் சுட்டுக் கொன்ற நடனக்காரி மாதா ஹரியைப் பற்றி 1931இல் வந்த 'மாதா ஹரி' படத்தை அண்மையில் பார்த்தேன். அவளாக நடித்த கிரேட்டா கார்போ திரையில் இருக்கும்வரை வேறு எதையும் கவனிக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். எங்கள் திரைப்படக் கழகத்தில் இதைத் திரையிடலாம் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், "ஒரு பெண்ணைக் கொன்றதை நியாயப்படுத்தும் படம் அது" என்று மறுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உளவு வேலை பார்த்தவள் காதலுக்காக உயிரையே கொடுக்கிறாள், படம் அவள் பக்கம்தானே நிற்கிறது? உண்மையில் மாதா ஹரி அவ்வளவு பெரிய உளவாளியா? திரையிடலாமா, வேண்டாமா?

க.

அன்புள்ள க.,

திரையிடுங்கள். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி.

படம் அவள் பக்கம்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. எப்படி நிற்கிறது என்று பாருங்கள். விசாரணைக் காட்சியில் ஆதாரம் போதவில்லை, அவள் தப்பித்துவிடுவாள் போலிருக்கிறது. அப்போது பிரெஞ்சு உளவுத்துறையின் துப்வா, ரஷ்ய விமானியான ரோசனாஃபைச் சாட்சிக்கு அழைப்பேன் என்று மிரட்டுகிறான். விபத்தில் பார்வையிழந்த அந்தக் காதலன் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது என்று அவளே எதிர்ப்பதை நிறுத்திவிடுகிறாள். அந்த இடத்தில் தண்டனை கொடுத்தவர்கள் காணாமல் போகிறார்கள். சாவை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள் என்றாகிவிடுகிறது. நாமும் அழுதுவிட்டு, யார் மீதும் கோபமில்லாமல் எழுந்து வருகிறோம். எனக்கு இந்தப் படத்தில் உறுத்துவது இதுதான்.

நடந்தது வேறு. மாதா ஹரியின் இயற்பெயர் மார்கரேத்தா செல்லே. 1876இல் நெதர்லாந்தின் லேயுவார்டன் ஊரில் பிறந்தவர். அப்பா தொப்பிக் கடைக்காரர், பிறகு திவாலானவர். 1895இல் டச்சுக் காலனிப் படை அதிகாரி ருடால்ஃப் மக்லியோடை மணந்து, ஜாவாவிலும் சுமத்திராவிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். குடிகாரக் கணவன், அடி உதை. மகன் 1899இல் இறந்தான். மணமுறிவுக்குப் பின் மகளையும் கணவன் தன்னிடமே வைத்துக்கொண்டான். கையில் காசில்லாமல் பாரிஸ் வந்தவர், 1905இல் கீமே அருங்காட்சியகத்தில் மாதா ஹரி என்ற பெயரில் ஆடினார். ஒரே இரவில் புகழ்.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு உண்டு. மலபார்க் கரையில் 'ஜாஃப்னாபட்டம்' என்ற புனித நகரில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவள் தான், அம்மா கந்தசுவாமி கோயில் நடனக்காரி, தன்னைப் பெற்றபோதே இறந்துவிட்டாள் என்றொரு கதை அவர் சொன்னதாகப் பரவியது. யாழ்ப்பாணத்தைத் தூக்கி மலபாரில் வைத்த கதை. பாரிஸில் அதைச் சரிபார்க்க யார் இருந்தார்கள்? படத்தில் கார்போ பல கைகள் கொண்ட சிவன் சிலை முன்னால் ஆடுவதும் இந்தக் கற்பனையின் வழியில் வந்ததுதான். கார்போ நடனக்காரர் இல்லை, அது அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் காட்சியை ஒரு வரலாற்று ஆவணம் போல யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

சரி, உளவு. நெதர்லாந்து முதல் உலகப் போரில் நடுநிலை நாடு. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஜெர்மன் துணைத்தூதர் க்ரோமர் அவருக்கு 20,000 ஃபிராங்க் கொடுத்து, எச் 21 என்று சங்கேதப் பெயர் வைத்தார். வாங்கியது உண்மை. போர் தொடங்கியபோது ஜெர்மனியில் பறிமுதலான தன் விலங்குரோம அங்கிகளுக்கு ஈடாக எடுத்துக்கொண்டேன், வேலை எதுவும் செய்யவில்லை என்பது அவர் வாதம். 1916இல் பிரெஞ்சு எதிர் உளவுத்துறையின் லாதுவும் அவரை வேலைக்கு அழைத்தார். மார்கரேத்தா பத்து லட்சம் ஃபிராங்க் கேட்டார். அந்தப் பணத்தில் காதலனோடு குடித்தனம் நடத்தும் கனவு இருந்தது. மாட்ரிட்டில் இருந்த ஜெர்மன் ராணுவ அதிகாரி கால்லே, எச் 21 பற்றி பெர்லினுக்கு அனுப்பிய செய்திகளைப் பிரெஞ்சுக்காரர்கள் இடைமறித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தே ஜெர்மானியர்கள் அந்தச் சங்கேத மொழியில் அனுப்பினார்கள், வேண்டுமென்றே மார்கரேத்தாவைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. 1917 பிப்ரவரியில் கைது. ஜூலையில் மூடிய அறையில் இரண்டே நாள் விசாரணை. அக்டோபர் 15 காலை வான்சேனில் சுட்டுக் கொன்றார்கள். வயது 41. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை.

அந்த ஆண்டு பிரான்ஸ் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி நிவேல் நடத்திய தாக்குதல் பெரும் உயிரிழப்போடு தோற்றது, அதைத் தொடர்ந்து படைப்பிரிவுகள் கலகம் செய்தன. தோல்விக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பல ஆண்களோடு பழகிய, வெளிநாட்டுக்கார, கடன்பட்ட பெண் கையில் கிடைத்தார். அவரை மாட்டிவைத்த லாதுவே பிறகு உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி விடுதலையானார் என்பதையும் மறக்க வேண்டாம்.

காதலன் விஷயம்தான் என்னை மிகவும் வருத்துவது. ரோசனாஃப் பாத்திரத்துக்கு மூலமான வதிம் மஸ்லோவ், ரஷ்ய இளம் அதிகாரி. போரில் ஒரு கண் போனது. விட்டெல் நகருக்குச் சென்று அவரைப் பார்க்க அனுமதி கேட்டுத்தான் மார்கரேத்தா லாதுவிடம் போய்ச் சிக்கினார். விசாரணையின்போது மஸ்லோவ் அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. படமோ ஒரு கண்ணை இரண்டாக்கி, வராதவனைச் சிறைக்கே வரவழைத்து, அது சிகிச்சை இல்லம் என்று அவனை நம்பவைத்து, கடைசியாக ஒருமுறை அவள் கையைப் பிடிக்க வைக்கிறது. ஸ்டுடியோவின் திறமை அபாரம். ஆனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கதை அங்கே அழிந்துபோகிறது. 26 வயது கார்போவிடம் நாற்பது வயதின் களைப்பு இல்லை, மகளைப் பார்க்க முடியாத அம்மாவும் இல்லை.

அப்புறம் ஏன் திரையிடச் சொல்கிறேன்? அகல்விளக்குக் காட்சிக்காக. மடோனா (கன்னி மரியாள்) படத்தின் முன் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று ரோசனாஃப் தன் தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதை அணைக்கச் சொல்கிறாள் அவள். கார்போ குரலை உயர்த்துவதில்லை, கெஞ்சுவதுமில்லை. ஒரு மனிதனின் கடவுளை விட நான் பெரியவளா என்று சோதித்துப் பார்க்கும் பெண்ணின் பயத்தை முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வில்லியம் டேனியல்ஸின் ஒளிப்பதிவு அந்த அறையை இருட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. வசனம் எவ்வளவு பொய்யாக இருந்தாலும் அந்த முகம் பொய் சொல்லவில்லை. கறுப்பு உடையில், முடியை இழுத்து வாரிய கடைசிக் காட்சியும் அப்படித்தான்.

முடிந்தால் அதே 1931இல் வந்த 'டிஸ்ஆனர்ட்' படத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கியது, மார்லீன் டீட்ரிச் ஆஸ்திரிய உளவாளி. அங்கேயும் காதல், அங்கேயும் துப்பாக்கிப் படை. ஆனால் சுட ஆணையிட வேண்டிய இளம் அதிகாரி மறுத்துக் கத்துகிறான், ஒரு பெண்ணைக் கொல்ல மாட்டேன் என்கிறான். அவனை அகற்றிவிட்டு வேறொருவனை நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியில் அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறாள். கொல்வது யார் என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை, அதனாலேயே அதை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

திரையிடலுக்கு முன் பேச உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் லூயீஸ் டி பெட்டிஞ்யியைப் பற்றிச் சொல்லுங்கள். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த லில் பகுதியில் ஒரு பெரிய உளவு வலையை நடத்தியவர், 1915இல் பிடிபட்டு 1918இல் கொலோனில் கைதியாகவே இறந்தவர். பெல்ஜியத்தில் 'வெள்ளைச் சீமாட்டி' என்ற அமைப்பில் எத்தனையோ பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெர்மன் படை ரயில்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் யாரும் சிவன் சிலை முன்னால் ஆடவில்லை. உங்கள் நண்பரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், படம் முடிந்ததும் முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா