தகரப்பெட்டியில் காட்டுக்கோழி இறகு

கேள்வி: கீரிப்பாறை பக்கத்து எஸ்டேட்டில் கணக்கராக இருந்த என் தாத்தாவுக்கு, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஒரு தகரப்பெட்டியைக் கொடுத்துச் சென்றார். அதில் பட்டு நூற்கண்டுகளும் மஞ்சள் புள்ளியிட்ட இறகுகளும் காது இல்லாத தூண்டில் முட்களும் இருக்கின்றன. இவை எதற்கானவை? விற்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: அது ஈத்தூண்டில் கட்டுபவரின் பெட்டி. மண்புழுவோ இறாலோ கோக்காமல், இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றிப் பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ உருவாக்கி மீனை ஏமாற்றும் கலை மிகப் பழையது. கி.பி. 200 அளவில் ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனிய ஆற்றங்கரையினர் செந்நிறக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். பளபளக்கும் இழையை முள்ளில் கட்டி மீனை இழுக்கும் நம் கடற்கரை மீனவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

தாங்கள் கூறும் புள்ளி இறகு, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகாக இருக்கும். அதன் தண்டு விரிந்து, மெழுகு சொட்டி உறைந்தாற்போல் மின்னும். தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே காடுகளில் காணப்படாத இப்பறவையின் இறகு, 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் சால்மன் மீன் ஆறுகள் வரை போயிற்று. இப்படிக் கட்டிய பூச்சியுருவை 'ஈ' என்பர்; 'ஜாக் ஸ்காட்' என்னும் புகழ்பெற்ற ஈயின் இரு கன்னங்களிலும் அதுதான் இருக்கிறது. பேச்சிப்பாறைக் காட்டோரம் விடியலில் கூவும் சேவல் அவ்வளவு தூரம் போனதில் எனக்குப் பெருமையைவிட வருத்தமே மிகுதி, ஏனெனில் போனது கழுத்துத் தோலோடு உரிக்கப்பட்டுத்தான். காட்டுப்பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியை 1902இல் ஆங்கில அரசே தடைசெய்தது.

காது இல்லாத முள்ளின் தலையில் சிறு வளையம் தெரிந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை நீட்டி எடுத்த நரம்பு அது, உலர்ந்தால் ஒடிந்துவிடும். பழைய பறவைத் தோல்களுக்கு ஆர்செனிக் பூசும் வழக்கம் இருந்ததால், தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். பூச்சி அரிக்கிறது என்றால் காற்றுப் புகாத பையிலிட்டு இரண்டு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். நம் மாவட்டத்து ஈரக்காற்றில் முட்கள் துருப்பிடிக்கும் என்பதால் அவற்றைத் தனியே, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

விற்பது வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயில் தோகைக்குத் தந்த விலக்கைக் காட்டுக்கோழி இறகுக்குத் தரவில்லை. முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் பெட்டியைக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவற்றைக் கட்டியவர்கள் யார்? ஒரு பொட்டலத்தின்மேல் 'இந்தியன் குரோ' என்றிருக்கிறதே, நம் ஊர்க் காக்கையா?
– அதே வாசகர்

பதில்: காக்கையே அன்று. அது தென் அமெரிக்காவின் செந்நிறக் கழுத்துள்ள ஒரு பறவைக்கு வணிகர் வைத்த பெயர். பொட்டலத்தில் கறுப்பு இறகைத் தேடி ஏமாற வேண்டாம்.

கட்டியவர்களுள் நூல் எழுதியவர்களின் பெயர் நின்றுவிட்டது. சால்மன் ஈக்களைப் பற்றி 1895இல் விரிவாக எழுதிய ஜார்ஜ் கெல்சனைச் சேகரிப்பவர்கள் நன்கறிவர். அமெரிக்காவில் பெண்கள் பணியாற்றிய ஈ கட்டும் பட்டறையை நடத்திய மேரி ஆர்விஸ் மார்பரி 1892இல் தம் நூலை வெளியிட்டார். அவருடைய பட்டறையில் விரல் தேயக் கட்டிய பெண்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? பிற்காலத்தவரான ஸ்காட்லாந்தின் மேகன் பாய்டு (1915–2001) ஒரு மீனையும் பிடித்தவர் அல்லர். 1971இல் அவருக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விழாவுக்கே போகவில்லையாம். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

அந்தப் பொட்டலத்தின் காகிதத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் இத்தகைய இறகுகளுக்காகவே திருடப்பட்டன. மீட்கப்பட்டவற்றுள் பலவற்றின் சீட்டு அறுக்கப்பட்டிருந்ததால், எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்று சொல்ல இயலாமல் அவை ஆய்வுக்குப் பயனற்றுப் போயின. தாத்தாவின் பெயரையும் எஸ்டேட்டின் பெயரையும் தாங்களும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.