ஆபீஸ் சங்கதி: தொட்டில் நாளும் கணக்கில் வரும்

கேள்வி: 2024 ஜூலையில் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2025 ஆகஸ்டிலிருந்து மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன். கூடச் சேர்ந்தவர்களுக்கு 2026 ஜூலையில் தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) முடிகிறது. "நீங்க லீவு முடிஞ்சு வந்து மீதியை ஓட்டணும்" என்கிறார்கள் செக்‌ஷனில். அப்படித்தானா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அவர்கள் ஒப்பிப்பது பழைய பாடம், அம்மா. தகுதிகாண் பருவம் என்றால் தொடர்ச்சியான 3 ஆண்டுக்குள் 2 ஆண்டு பணியில் இருந்திருக்க வேண்டும். முன்பு விடுப்பு நாள் இந்த இரண்டில் சேராது. அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 13 மாதம் வேலை, 12 மாதம் தொட்டில், திரும்பி வந்து இன்னும் 11 மாதம். 2027 ஜூலை ஆகிவிடும். பிள்ளை பெற்றதற்கு ஒரு வருசம் அபராதம்!

2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அரசு ஊழியர்களுக்குச் சில அறிவிப்புகள் செய்தார். மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்பது அதில் ஒன்று. பத்திரிகைகள் அகவிலைப்படியைப் பெரிய எழுத்தில் போட்டன, இது உள்ளே போய்விட்டது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய செய்தி.

எங்கள் வீட்டம்மாவும் சர்க்கார் வேலைதான். அவர் காலத்தில் மொத்தமே 90 நாள். 2011-ல் அது 6 மாதமானது, 2016-ல் 9, 2021 ஜூலை 1 முதல் 12. தொண்ணூற்றோராம் நாள் அவர் ஆபீஸ் போனார். மதியம் ஒரு மணிக்கு என் மாமியார் கைக்குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீஸ் காம்பவுண்டுப் புளியமரத்தடிக்கு வருவார். பால் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாகச் சீட்டில் உட்கார்ந்ததற்கு ஒரு மெமோ கூட உண்டு. அந்த 90 நாளும் தகுதிகாண் பருவத்தில் சேரவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் போட்ட அன்று அவருக்குப் பருவம் முடியவில்லை என்று பெயர் விட்டுப்போனது. அந்த மெமோவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார், எனக்கு எப்போதாவது படித்துக் காட்டுவார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: பவானிசாகரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரும் அடிப்படைப் பயிற்சி. விடுப்பு நாள் கணக்கில் ஏறும், பயிற்சி தானாக ஏறாது. முடித்திருந்தால் நல்லது. இல்லையென்றால் பணியில் சேர்ந்ததும் அடுத்த அணியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இப்போதே அலுவலகத் தலைவருக்கு ஒரு மனு எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னதை மறுநாளே மறந்துவிடுவார்கள். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து மறந்திருக்கிறேன்.

கேள்வி: ஈட்டிய விடுப்பு இருப்பு 232 நாள். ஓய்வுக்கு இன்னும் எட்டு வருசம் இருக்கிறது. சரண்டர் பண்ணிக் காசாக்கலாமா, கடைசிக்கு வைக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பண்ணுங்கள். ஜனவரி 1-ல் 15, ஜூலை 1-ல் 15 என்று வரவு வைக்கிறார்கள். உச்சவரம்பு 240. உங்கள் 232-ல் அடுத்த 15 விழுந்தால் 7 நாள் வழிந்து வீணாகும். 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி சரண்டரை நிறுத்தினார்களே, அதன்பின் ஐந்து வருசத்துக்கு மேல் நிறையப் பேருக்கு இப்படித்தான் வழிந்து ஓடியது. 2026 ஏப்ரலில்தான் திரும்ப வரும் என்றார்கள். பிறகு அதே ஏப்ரல் 28 அறிவிப்பில் 1.10.2025-க்கு முன்கூட்டியே கொண்டுவந்தார்கள்.

15 நாள் ஒப்படைத்தால் ஏறக்குறைய அரை மாதச் சம்பளம் கையில். இருப்பு 217 ஆகும், அடுத்த வரவிலேயே பழையபடி 232. கடைசி ஓரிரு வருசம் மட்டும் தொடாமல் விட்டால் 240 நிரம்பிவிடும். அது கடைசிச் சம்பளக் கணக்கில் காசாகும். இரண்டு பக்கமும் உங்களுக்கு லாபம்தான். மனு போடும் முன் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் காட்டும் இருப்பும் பணிப்பதிவேட்டு இருப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பண்டிகை முன்பணம் பத்தாயிரமா, இருபதாயிரமா?
– வாசகர், அரூர்

பதில்: இருபது. வட்டி கிடையாது, பத்துத் தவணை. வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: 2001-ல் கிருஷ்ணகிரியில் பணியில் சேர்ந்தேன். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருக்கிறது. பென்ஷனில் சிக்கல் வருமா? திருத்த வேண்டுமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: தொடவே தொடாதீர்கள் சார்! கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான். நீங்கள் சேர்ந்தபோது அது தருமபுரிதான், பதிவேடு சரியாகவே சொல்கிறது. அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரைவிடப் பெரியது சேர்ந்த தேதி. 1.4.2003-க்கு முன் வந்தவர் என்பதால் நீங்கள் பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தேதி முதல் வந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் (மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ப்பது) சேர்த்தார்கள். ஆகவே அந்தத் தேதியில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா, அதன் ஓரத்தில் அலுவலர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டிலும் ஒன்று வையுங்கள். என் பதிவேட்டில் முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளை, தேதி இருந்த மூலையை மட்டும் விட்டுவைத்தது.