கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். எங்கே விழுந்தீர்கள் என்று பெரியவர்களைக் கேட்டால், மாடிப்படியை விடப் படுக்கையறையைத்தான் அதிகம் காட்டுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் அதைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு 76 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி மூன்று தடவை எழுந்து போவார். போன மாதம் கட்டிலை விட்டு இறங்கியதுமே சரிந்துவிட்டார். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். வயசானால் இப்படித்தானா? (மஞ்சக்குப்பம்)

வயசு மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவயதில் உடம்பு அதை உடனே ஈடுகட்டிவிடும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் அப்பா விழுந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. பி.பி. மாத்திரை மட்டுமல்ல, தூக்க மாத்திரையும், புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும்கூடத் தள்ளாட வைக்கும். நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

எழுந்திருக்கும் முறையையும் மாற்ற வேண்டும். முதலில் ஒருக்களிக்கணும். காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காரணும். அப்புறம் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டணும். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தாத்தா, பழைய தையற்காரர். எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுவார். "மெஷின் மிதிங்க தாத்தா" என்றேன். அன்றிலிருந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குதிகாலும் முன்னங்காலும் மாறி மாறித் தரையைத் தொட, அவர் மிதிக்கிற அழகைப் பார்க்கணும். மிதித்து முடித்து எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி பத்து எண்ணிவிட்டுத்தான் முதல் அடி வைக்கிறார்.

அம்மாவுக்குப் பாட்டி காலத்துத் தேக்குக் கட்டில். ஏறி இறங்கவே பயப்படுகிறார். பாயிலேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறார். விடலாமா? (முத்தியால்பேட்டை)

பயம் நியாயமானது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியணும். முழங்கால், இடுப்பை விட உயர்ந்திருக்கக் கூடாது. மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் பலருக்குச் சரிவரும், குட்டையானவர்களுக்கு அதிலும் குறைவு. தச்சரைக் கூப்பிட்டுக் கால்களை அறுத்துவிடுங்கள். பரம்பரைக் கட்டிலாயிற்றே என்று தயங்குவீர்கள், தெரியும். அம்மாவின் இடுப்பெலும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாய்தான் வேண்டுமென்றால், பகலில் உங்கள் முன்னால் ஒரு தடவை எழுந்து காட்டச் சொல்லுங்கள். ஒருக்களித்து, மண்டியிட்டுத் தவழ்ந்துபோய், கனமான மர நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ முடிந்தால் பாய் சரி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கொசுவலை காலில் மாட்டிக்கொள்கிறது. (தேவனாம்பட்டினம்)

தரையில் புரளும் வலையை மாற்றி, மெத்தைக்கு அடியில் செருகும் வலை வாங்குங்கள். இறங்கும் பக்கத்தை மட்டும் கிளிப் போட்டு ஒதுக்க வசதியிருக்கட்டும். நைட்டியோ வேட்டியோ கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். கட்டிலடியில் போடும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பழைய வீட்டில் முற்றத்தைத் தாண்டித்தான் பாத்ரூம். கரண்ட் போனால் மாமனாரை நினைத்துப் பயமாக இருக்கிறது. (புதுச்சேரி)

நம் கடற்கரைக்கு இருட்டு புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி வெள்ளக்காடானது. கரண்ட் போனாலும் எரியும் சார்ஜ் பல்பு ஒன்றை அறையில் போடுங்கள். டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேடவேண்டியிருக்கும். கயிறு கட்டிக் கட்டிலில் தொங்கவிடுங்கள். வழியில் முழங்காலுக்குக் கீழே சின்ன விளக்குகள் எரியட்டும், நிலைப்படி விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த முற்றத்தை அவர் ராத்திரியில் தாண்டவே வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் பாட்டிலோ கமோடு நாற்காலியோ வைத்துவிடலாம். மருமகள் சொன்னால் கூச்சப்படுவார், மகனைத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். விடிவதற்குள் மகனே எடுத்துக் கழுவி வைத்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது.

விழுந்தவரை உடனே தூக்கலாமா? (நெல்லிக்குப்பம்)

அவசரப்பட்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, இடுப்பில் கடும் வலி என்றாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, போர்வை போர்த்திப் பக்கத்திலேயே இருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே ரத்தம் கசிவது சில மணி நேரம் வெளியே தெரியாமல் இருக்கலாம்.