சோம்பேறிக் கண்: பேட்ச் ஒட்டுவதற்கு முன் வீட்டில் யாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்?

நான்கு வயது மகளுக்கு இடது கண் சோம்பேறிக் கண் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை மங்கிய கண்) என்று சொல்லிவிட்டார்கள், நல்ல கண்ணின் மேல் பேட்ச் ஒட்டச் சொல்கிறார்கள், அவள் பிய்த்துப் போடுகிறாள், வீட்டுப் பெரியவர்களும் திட்டுகிறார்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மகளுக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் தெரியவந்தது. நாங்கள் குடியாத்தம். வேலூர் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனையில் காட்டி வருகிறோம். 1902-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவமனை அது, இப்போது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) கண் பிரிவு.

பகல் முழுவதும் உங்கள் மகளோடு யார் இருக்கிறார்களோ, அவர்களை முதலில் சம்மதிக்க வையுங்கள். குழந்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அது என் மாமியார். நான் வேலைக்குக் கிளம்பியதும் பேட்ச் அவர் பொறுப்பு. "நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டு, தெரியாத கண்ணால் பார் என்றால் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேட்ச் ஒட்டிய முதல் நாட்களில் பாப்பா அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். "ஆயா, எடுத்துவிடு ஆயா" என்று அழுதால் எந்தப் பாட்டியின் கைதான் சும்மா இருக்கும்?

நான் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவரையும் பஸ்ஸில் அழைத்துப்போய் டாக்டர் அறைக்குள்ளேயே உட்காரவைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை கிடையாது. வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படங்கள்தான். இடது கண்ணை மூடியபோது பாப்பா கடகடவென்று கடைசி வரி வரை சொன்னாள். வலது கண்ணை மூடியதும் மேலே இருந்த பெரிய படங்களோடு நின்றுவிட்டாள். பிறகு முகத்தை மெல்லத் திருப்பி, மூடிய கையின் இடுக்கு வழியாக நல்ல கண்ணால் எட்டிப் பார்க்க முயன்றாள். என் மாமியார் அதைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அதிகம் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேட்ச் ஒட்டுவதும் காவல் இருப்பதும் அவர்தான்.

எங்களுக்கு டாக்டர் சொன்னதை உங்கள் வீட்டாருக்கும் சொல்லுங்கள். கண்ணின் அமைப்பில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை தெளிவான கண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறது. நல்ல கண்ணை மூடினால்தான் ஒதுக்கிய கண்ணைப் பயன்படுத்த மூளை பழகும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது குழந்தை ஓடும், ஆடும், டிவி பார்க்கும். யாருக்கும் சந்தேகமே வராது. மூளைக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது இது. அதனால்தான் ஏழு வயதுக்கு முன்பு செய்யும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். ஏழு தாண்டினால் ஒன்றுமே முடியாது என்பதும் சரியல்ல. பெரிய பிள்ளைகள் பலருக்கும் முன்னேற்றம் கிடைக்கிறது. ஆனால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எதற்குக் கண்ணாடி, பள்ளிக்கூடம் சேரட்டும்" என்றார். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

பவர் வித்தியாசத்தால் வந்தது என்றால் முதல் மருந்து கண்ணாடிதான். விழித்திருக்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதம் கண்ணாடி மட்டும் போட்டே பார்வை நன்றாக ஏறிவிடுகிறது. போதாதபோதுதான் பேட்ச். அதைத் தோலின் மேல் ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளைகள் ஓரமாக எட்டிப் பார்ப்பார்கள். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நடுத்தரப் பாதிப்புக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதாக 2003-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே நாள் முழுவதும் கட்டிவைக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். பேட்ச் எந்த விதத்திலும் ஒத்துவராவிட்டால் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் முறையும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்து, பேட்ச் ஓரம் சுருண்டு எழும்பும். உள்ளே தோல் சிவந்து அரிக்கும். பிள்ளை பிய்ப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். குளித்து முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்குள் ஒட்டிவிடுவோம். எடுக்கும்போது தேங்காய் எண்ணெயை ஓரத்தில் தடவினால் வலிக்காமல் வரும். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்ச் ஒட்டியிருக்கும் நேரத்தில் பாப்பாவுக்குப் பிடித்த வேலை மட்டும்தான். ஆயாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள், துவரம்பருப்பில் கல் பொறுக்குவாள், கோலப் புள்ளிகளை இணைப்பாள். இதைத்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நேரம் போனால் போதும். தொடக்கத்தில் பருப்பைக் கல் என்று எடுத்துப் போட்டவள், இப்போது ஆயா கவனிக்காமல் விட்ட கல்லை எடுத்துக் காட்டுகிறாள். பரிசோதனையிலும் 6/36-இல் இருந்த கண் 6/12-க்கு வந்திருக்கிறது. முன்பு ஆறு மீட்டரில் அவளுக்குத் தெரிந்த படம், நல்ல கண்ணுக்கு முப்பத்தாறு மீட்டரிலேயே தெரியும். இப்போது அந்தத் தூரம் பன்னிரண்டு மீட்டராகக் குறைந்திருக்கிறது. இன்னும் போக வேண்டும்.

பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அதனால் இந்தக் கண் தெளியாது. தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விட அனுமதிக்காதீர்கள்.

பார்வை வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். நிறுத்திய பிறகு ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி குறைகிறது என்பதால் டாக்டர்கள் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சிகிச்சை நடக்கும்போது மூடியிருக்கும் நல்ல கண்ணையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகம் மூடினால் அதன் பார்வையும் குறையலாம்.

கண்ணாடி வாங்கும்போது எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகள் இப்போது பெரும்பாலும் ஒரே கண்ணை நம்பி இருக்கிறாள். கிட்டிப்புள் ஆடும் இடத்திலும் தீபாவளி வெடி வெடிக்கும் இடத்திலும் அந்தக் கண்ணாடி முகத்தை விட்டு இறங்கக் கூடாது.